ஐயாயிரம் பள்ளி கண்ட வணிகர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

நண்பர்களே, இயற்பியல் மாணவனுக்கு வணிகர் ஒருவரின் வரலாறு எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்டால் குற்றமில்லை, எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரே கேட்டுவிட்டார். அவருக்குச் சொன்ன விடையையே இங்கும் எழுதிவிடுகிறேன்.

நான் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு தொழில் நிறுவனத்தார் 40 பெஞ்சுகளும் 40 டெஸ்குகளும் வழங்கினர். அதற்குமுன் மூவர் அமர வேண்டிய பெஞ்சில் ஐவர் அமர்ந்திருந்தோம். ஓரத்தில் இருப்பவன் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டுதான் எழுத வேண்டும். லாரி வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. இறக்குவதற்கு ஆள் இல்லை. தலைமையாசிரியர் மண்டித் தெருவுக்கு ஆள் அனுப்பினார். என் தந்தையார் அங்கே மூட்டை தூக்கும் தொழிலாளி. பகலெல்லாம் மூட்டை சுமந்தவர், தம் கூட்டாளிகள் ஐவரை அழைத்துக்கொண்டு வந்து, அத்தனையையும் இறக்கி மாடி வகுப்புகள் வரை தூக்கி வைத்தார். கூலி வாங்கவில்லை, தேநீர் மட்டும் குடித்தார்கள். அடுத்த வாரம் விழா நடந்தது. ஒவ்வொரு டெஸ்கின் முகப்பிலும் நிறுவனத்தின் பெயர் மஞ்சள் வண்ணத்தில் எழுதப்பட்டிருந்தது. நாங்கள் வரிசையாக நின்று கைதட்டினோம். என் தந்தையார் அந்நேரம் மண்டியில் இருந்தார்.

அந்த நிறுவனத்தாரைக் குறை சொல்ல நான் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அந்த டெஸ்கில் கை வைத்து எழுதிப் பழகியவன்தான் இன்று இந்தக் கட்டுரையையும் எழுதுகிறேன். ஆயினும் அந்தக் கொடையில் யார் யாருடைய பங்கு எவ்வளவு என்னும் கேள்வி என்னை விட்டு நீங்கியதில்லை. இவ்வாண்டு நம் கல்லூரி நூலகத்தில் புக்கர் வாஷிங்டனைப் பற்றிப் படிக்கும்போது ஜூலியஸ் ரோசன்வால்டு என்னும் பெயரைக் கண்டேன். அந்தக் கேள்வியை நூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்கெழுதிப் பார்த்த மனிதர் அவர். அவரைத் தேடித் தேடிப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

ரோசன்வால்டு 1862ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்தார். ஆபிரகாம் லிங்கன் குடியிருந்த வீடும் அதே பகுதியில்தான் இருந்தது. தந்தை சாமுவேல் ஜெர்மனியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த யூதர். முதலில் சரக்கைச் சுமந்து தெருத் தெருவாக விற்றவர். பிறகு துணிக்கடை வைத்தவர். மகன் ஜூலியஸ் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. பதினாறு, பதினேழு வயதில் நியூயார்க்கில் துணி வணிகம் செய்த தாய்மாமன்மாரிடம் தொழில் பழகப் போனார். பின்னாளில் 4,977 பள்ளிகள் எழக் காரணமாயிருந்த மனிதர் பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டாதவர் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. என் தந்தையாருக்கு வியப்பாக இல்லை.

1885இல் அவர் சிகாகோவுக்கு வந்து ஆயத்த ஆடைத் தொழிலில் இறங்கினார். அந்நகரில் ரிச்சர்டு சியர்ஸ் என்பவர் அஞ்சல் வழி வணிகம் நடத்திக்கொண்டிருந்தார். இரயில் நிலைய அலுவலராயிருந்து கடிகாரம் விற்கத் தொடங்கியவர் அவர். விளம்பரம் எழுதுவதில் மன்னன். ஆனால் கிடங்கில் இல்லாத சரக்குக்கும் விளம்பரம் எழுதிவிடுவார்! கூட்டாளி ரோபக் விலகிக்கொள்ளவே, 1895இல் ரோசன்வால்டும் அவருடைய மைத்துனரும் 75,000 டாலர் கொடுத்து நிறுவனத்தில் பாதிப் பங்கை வாங்கினர். வாயால் வளர்ந்த வணிகத்துக்கு ரோசன்வால்டு ஒழுங்கைக் கொடுத்தார். விலைப்பட்டியலில் எழுதியிருப்பது போலவே பொருள் இருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்க வேண்டும். பொருள்களைச் சோதித்துப் பார்க்க 1911இல் ஓர் ஆய்வுக்கூடமே வைத்தது நிறுவனம். 1895இல் பத்து இலட்சம் டாலரை எட்டாதிருந்த ஆண்டு விற்பனை, 1907 வாக்கில் சுமார் ஐந்து கோடி டாலரை எட்டியது. 1908இல் ரோசன்வால்டு தலைவரானார்.

இந்த அஞ்சல் வணிகத்தில் ஒரு நுட்பம் உண்டு. அந்நாளில் அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பின உழவர் கடைக்குப் போனால், வெள்ளையர் எல்லாம் வாங்கி முடிக்கும்வரை ஒதுங்கி நிற்க வேண்டும். கடைக்காரர் சொன்னதே விலை. தபாலில் எழுதிப்போட்டால் வாங்குபவரின் நிறம் விற்பவருக்குத் தெரியாது. சிகாகோவில் இருந்த ரோசன்வால்டு இதை நினைத்து வணிகம் செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் பிற்காலத்தில் அவர் பணம் சென்று சேர்ந்த சிற்றூர்களுக்கு, அவருடைய விலைப்பட்டியல் முன்னதாகவே போய்ச் சேர்ந்திருந்தது.

செல்வம் பெருகிற்று. சிகாகோவில் எமில் ஹிர்ஷ் என்னும் யூத சமயகுரு, செல்வர்களுக்குச் சமுதாயக் கடமை உண்டென்று இடைவிடாது பேசிவந்தார்; அவர் உரையைக் கேட்டவர்களுள் ரோசன்வால்டும் ஒருவர். 1910இல் நண்பர் ஒருவர் கொடுத்த நூல்கள் வழியாகப் புக்கர் வாஷிங்டனின் வாழ்க்கையைப் படித்தார். வாஷிங்டன் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பின் படித்து, 1881இல் அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் கறுப்பின மாணவர்க்குக் கல்வி நிறுவனம் தொடங்கியவர். மாணவர்களே செங்கல் அறுத்துச் சுட்டுக் கட்டிய கட்டடங்கள் அவை. நம்மில் பலர் அறிந்த நிலக்கடலை ஆராய்ச்சியாளர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் பணியாற்றியதும் அங்கேதான். 1911 மே மாதம் வாஷிங்டனும் ரோசன்வால்டும் சிகாகோவில் சந்தித்தனர். அதே ஆண்டில் ரோசன்வால்டு டஸ்கீகிக்கு நேரில் போய்ப் பார்த்தார். அடுத்த ஆண்டு அதன் அறங்காவலர் குழுவில் சேர்ந்தார்.

1912இல் அவருக்கு 50 வயது நிறைந்தது. விருந்து வைப்பதற்குப் பதிலாக ஏறத்தாழ ஏழு இலட்சம் டாலரைப் பல நிறுவனங்களுக்குப் பகிர்ந்தளித்தார். டஸ்கீகிக்கு வந்த பங்கு 25,000. கொடுத்த வேலைகள் முடிந்து அதில் ஒரு சிறு தொகை மிஞ்சியது. அதைக்கொண்டு அருகிலுள்ள சிற்றூர்களில் ஆறு பள்ளிகள் கட்டிப் பார்க்கலாமா என்று வாஷிங்டன் எழுதிக் கேட்டார். ரோசன்வால்டு இசைந்தார். அவ்வளவுதான் தொடக்கம். மாநாடு இல்லை, கல்வெட்டு இல்லை. மிச்சப் பணத்தைப் பற்றி எழுதிய ஒரு கடிதம்!

முதற்பள்ளி அலபாமாவில் லோச்சபோக்கா என்னும் ஊரில் 1913இல் எழுந்தது. அதன் கணக்கை நான் என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மொத்தச் செலவு 942 டாலர் 50 சென்ட். அதில் ரோசன்வால்டு கொடுத்தது 300. அவ்வட்டார வெள்ளையர் கொடுத்தது 360. கறுப்பின மக்கள் கொடுத்தது 282 டாலர் 50 சென்ட். இந்த 282இல் அவர்கள் உடல் உழைப்பின் மதிப்பும் அடங்கும். 

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். கோடீசுவரர் ஒருவருக்கு 942 டாலர் ஒரு பொருட்டா? முழுவதையும் கொடுத்திருக்கலாம். ஏன் கொடுக்கவில்லை? கருமித்தனம் என்றுதான் முதலில் நானும் எண்ணினேன். படிக்கப் படிக்க வேறொன்று புலப்பட்டது. அந்தத் திட்டத்தில் பங்காளிகள் மூவர்: செல்வர், ஊரார், அரசு. ஊரார் தம் பங்கைத் திரட்டியாக வேண்டும். நிலத்தையும் கட்டடத்தையும் மாவட்டக் கல்விக் குழுவின் பெயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கல்விக் குழு அதைப் பொதுப் பள்ளியாக ஏற்று, ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்து நடத்த வேண்டும். இவ்வளவுக்கும் இசைவு கிடைத்தால்தான் ரோசன்வால்டின் பங்கு வரும். கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துவது அரசின் கடமை என்பதை ஒப்புக்கொள்ளாத அலுவலர்கள் நிறைந்த நாட்டில், அந்தக் கடமையை அவர்கள் கையெழுத்திலேயே வாங்கும் வழி இது. முழுப் பணத்தையும் அவரே கொடுத்திருந்தால் அது ரோசன்வால்டின் பள்ளியாகவே இருந்திருக்கும். அவர் கை ஓய்ந்த அன்று கதவு மூடியிருக்கும்.

தம் நிறுவனத்தில் விற்கும் அறுத்துத் தயாரித்த கட்டுமானப் பொருள்களையே பள்ளிகளுக்கு அனுப்பலாமா என்னும் யோசனையும் தொடக்கத்தில் எழுந்தது. டஸ்கீகியில் அதை ஏற்கவில்லை; அந்தந்த ஊரிலேயே மரம் வாங்கி, ஊர்த் தச்சரைக்கொண்டே கட்டுவதென்று முடிவாயிற்று. ரோசன்வால்டும் வற்புறுத்தவில்லை. தம் கடைச் சரக்கைத் தள்ளிவிட நல்ல வாய்ப்பாக அதைப் பயன்படுத்தியிருக்கலாம் அன்றோ?

1914இல் நூறு பள்ளிகளுக்கென 30,000 டாலர் தந்தார். 1915 நவம்பரில் வாஷிங்டன் மறைந்தார். ஆயினும் வேலை நிற்கவில்லை. 1917இல் ரோசன்வால்டு நிதியம் முறைப்படி நிறுவப்பட்டது. 1920இல் பள்ளிக் கட்டடப் பணிக்கு நாஷ்வில் நகரில் தனி அலுவலகம் அமைந்தது.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். இந்தப் பள்ளிகளுக்கான முதல் வரைபடங்களை டஸ்கீகியில் வகுத்தவர் இராபர்ட் டெய்லர். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். சிற்றூர்களில் மின்சாரம் இல்லை. வெளிச்சம் முழுவதும் கதிரவனிடமிருந்துதான் வரவேண்டும். எனவே சுவரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சன்னல் வைக்காமல், உயரமான சன்னல்களை ஒரே வரிசையாக நெருக்கி வைத்தனர். அந்த வரிசை கிழக்கு நோக்கியோ மேற்கு நோக்கியோ அமையும்படி கட்டடத்தைத் திருப்பினர். பிள்ளையின் இடப்புறமிருந்து ஒளி விழும்படி டெஸ்குகளைப் போட்டனர். அப்போதுதான் எழுதும் கையின் நிழல் தாளில் விழாது. சுவருக்கு இன்ன நிறம் என்பதுவரை வரைபட நூலில் எழுதியிருந்தனர். (நான் இடக்கைப் பழக்கமுள்ளவன். என் போன்ற பிள்ளைகள் நிழலிலேயே எழுதியிருப்பார்கள். அதை விடுவோம்.) இரண்டு வகுப்பறைகளுக்கிடையே தள்ளித் திறக்கும் தடுப்பு வைத்தனர், திறந்தால் ஊர்க் கூட்டம் நடத்தும் மண்டபமாகிவிடும். நிலம் இரண்டு ஏக்கருக்குக் குறையக்கூடாது. கழிப்பிடங்கள் இருந்தாக வேண்டும். கரும்பலகையும் டெஸ்கும் வேண்டும். அவ்வட்டாரங்களில் பல ஊர்களில் வெள்ளையப் பிள்ளைகளுக்குக்கூட இவ்வளவு நல்ல கட்டடம் இல்லை.

ஊரார் தம் பங்கை எப்படித் திரட்டினார்கள்? இதைத்தான் நான் மிக விரும்பிப் படித்தேன். சிலர் தம் வயலில் ஒரு பகுதியைப் பள்ளிக்கென ஒதுக்கி அதில் விளைந்த பருத்தியை விற்றுக் கொடுத்தனர். பெண்கள் உணவுப் பொட்டலம் செய்து ஏலம் விட்டனர். கோழி விற்றனர். கையில் காசில்லாதவர் மரம் வெட்டினர். அலபாமாவில் ஓர் ஊர்க் கூட்டத்தைப் பற்றி நிதியத்தின் ஊழியர் எழுதி வைத்த அறிக்கை ஒன்று உண்டு. அடிமைக் காலத்தைக் கண்ட முதியவர் ஒருவர் எழுந்து வந்தார். அழுக்கேறிய பழைய பை ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து மெல்ல எடுத்து, அதிலிருந்ததையெல்லாம் மேசைமேல் கொட்டினார். எண்ணிப் பார்த்தால் 38 டாலர். அவர் ஆயுட்காலச் சேமிப்பு அதுதான். தாம் பெறாத வாய்ப்பைத் தம் பேரப்பிள்ளைகளும் அவர்தம் பிள்ளைகளும் பெறவேண்டும் என்பதே அவர் விருப்பம். அவர் பெயரை நான் எந்த நூலிலும் காணவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபமும் வந்தது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரை உண்மையாகாது. அந்த முதியவரும் அவர் ஊராரும் வரி கட்டியவர்கள். அவர்கள் கட்டிய வரியில் பெரும்பகுதி வெள்ளையப் பிள்ளைகளின் பள்ளிக்குப் போயிற்று. தம் பிள்ளைக்குப் பள்ளி வேண்டுமென்றால் மறுபடியும் கைக்காசு போட வேண்டும். போட்டுக் கட்டிய கட்டடத்தையும், வாங்கிய நிலத்தையும், தமக்கு வாக்குரிமையே தராத வெள்ளையர்கள் அமர்ந்திருக்கும் கல்விக் குழுவின் பெயருக்கு எழுதித் தரவேண்டும். ஒரே பள்ளிக்கு இரண்டு முறை விலை கொடுத்தார்கள்! பங்கு போடு என்று செல்வர் சொல்வது, ஏற்கெனவே பங்கு போட்டுவிட்டவனிடம் சொல்வதாக முடிந்துவிடவில்லையா? வரலாற்று அறிஞர்கள் சிலர் இந்தக் குற்றச்சாட்டை வைத்திருக்கிறார்கள். அதற்கு முழு மறுமொழி எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஊர்களில் அன்றைய நிலையில் எதிரே இருந்த வேறு வழி, பள்ளியே இல்லாதிருப்பது. அந்த முதியவர் இதையெல்லாம் அறியாதவரா? அறிந்தேதான் பையைக் கொட்டினார் என்று நினைக்கிறேன்.

ரோசன்வால்டைக் குறையில்லாதவர் என்று நான் எழுதமாட்டேன். 1913இல் இலினாய் மாநில மேலவைக் குழு ஒன்று, பெண் தொழிலாளரின் குறைந்த கூலியைப் பற்றி விசாரித்தபோது, அவரும் சாட்சிக் கூண்டில் நிற்க நேர்ந்தது. கோடிக்கணக்கில் விற்பனை செய்யும் நிறுவனத்தில் இளம் பெண்களுக்கு வாரத்துக்குச் சில டாலர்தானா என்று கேட்டார்கள். அவர் அன்று சொன்ன விடைகள் அவருக்குப் பெருமை சேர்ப்பவை அல்ல. தொலைவிலுள்ள பிள்ளைக்குப் பள்ளி கட்டும் கை, தன் கிடங்கில் பொட்டலம் கட்டும் பெண்ணின் கூலியைக் கவனிக்கவில்லை. மூன்று ஆண்டு கழித்து, 1916இல், தொழிலாளர்க்கு இலாபத்தில் பங்கு தரும் திட்டத்தை நிறுவனம் கொண்டுவந்தது. 1929இல் பங்குச் சந்தை வீழ்ந்தபோது, கடன்பட்டுப் பங்கு வாங்கியிருந்த ஊழியர்களுக்கு அவரே பிணை நின்றார். இனப் பிரிவினையை எதிர்த்து அவருடைய பள்ளித் திட்டம் போராடவில்லை என்பதும் உண்மை. அந்தச் சட்டங்களுக்கு உட்பட்டே கட்டியது. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகளாகவே கட்டியது.

பெயரைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பள்ளிகளுக்குத் தம் பெயர் வைக்க வேண்டுமென்று அவர் கேட்கவில்லை. மக்கள்தாம் ரோசன்வால்டு பள்ளி என்று அழைத்தனர். சுவரில் அவர் படத்தை மாட்டினர். சிகாகோ நகரில் அறிவியல் தொழில் அருங்காட்சியகம் அமைக்கப் பல இலட்சம் டாலர் கொடுத்தார். அதற்கும் தம் பெயர் வேண்டாமென்றார். அது 1933இல் திறக்கப்பட்டது. 2024இல் அதே அருங்காட்சியகத்துக்கு வேறொரு செல்வரின் பெயர் சூட்டப்பட்டுவிட்டது. அவர் தந்த நன்கொடை 12 கோடியே 50 இலட்சம் டாலர். எங்கள் டெஸ்கின் மஞ்சள் எழுத்து நினைவுக்கு வந்து நான் தனியே சிரித்துக்கொண்டேன்.

தம் செல்வத்துக்குத் தம் அறிவைவிட நல்வாய்ப்பே பெரிதும் காரணம் என்று வெளிப்படையாகச் சொல்லிவந்தவர் அவர். அறக்கட்டளைகள் முதலைத் தொடாமல் வட்டியில் என்றென்றும் வாழ்வதையும் அவர் ஏற்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துத் தேவையைத் தானே அறியும், இறந்தவரின் கை அதைக் கட்டுப்படுத்தக்கூடாது என்பது அவர் கொள்கை. எனவே தாம் இறந்து 25 ஆண்டுக்குள் நிதியத்தின் பணம் முழுவதும் செலவாகிவிட வேண்டுமென்று விதித்தார். 1932 சனவரி 6ஆம் நாள் அவர் காலமானார். பொருளாதார மந்தத்தால் நிதியத்தின் பங்குகள் அடிமட்டத்துக்குச் சரிந்திருந்தன. அந்த ஆண்டோடு பள்ளிக் கட்டடத் திட்டம் நின்றது. 1948இல் கடைசிக் காசும் செலவாகி நிதியம் மூடப்பட்டது. அவர் கொடுத்த கெடு முடிவதற்கு ஒன்பது ஆண்டுகள் மீதியிருந்தன.

1932இல் எடுத்த கணக்கு இது. 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள், ஆசிரியர் குடியிருப்புகள் 217, தொழிற்கூடங்கள் 163. மொத்தச் செலவு சுமார் 2 கோடியே 84 இலட்சம் டாலர். அதில் அரசின் வரிப்பணம் 1 கோடியே 81 இலட்சம். ரோசன்வால்டு நிதியம் தந்தது 43 இலட்சத்து 64 ஆயிரம். வெள்ளையர் நன்கொடை 12 இலட்சம். கறுப்பின மக்கள் தந்தது 47 இலட்சத்து 25 ஆயிரம். நண்பர்களே, இந்தக் கடைசி இரண்டு வரிகளையும் நிதியத்தின் வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் பெருஞ்செல்வர் ஒருவரின் நிதியம் கொடுத்ததைவிட, பருத்திக்காட்டுக் குத்தகைக் கூலிகள் கொடுத்தது அதிகம்! இதைத் தம் கணக்குப் புத்தகத்தில் மறைக்காமல் தனி வரியாக எழுதி வைத்தது அந்த நிதியம். எனக்கு ரோசன்வால்டிடம் மதிப்பு ஏற்பட்டது அந்த வரியால்தான்.

பயன் விளைந்ததா என்று கேட்பவர்க்கு ஒரு செய்தி. சிகாகோ மைய வங்கியைச் சேர்ந்த டேனியல் ஆரன்சன், பாஸ்கர் மஜூம்தார் என்னும் பொருளியல் அறிஞர்கள் மக்கள்தொகைக் கணக்குகளையும் போர்க்காலப் பதிவேடுகளையும் ஆராய்ந்து 2011இல் தம் முடிவை வெளியிட்டனர். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில், தென் மாநிலச் சிற்றூர்க் கறுப்பினப் பிள்ளைகள் கல்வியில் கண்ட முன்னேற்றத்தில் கணிசமான பங்கு இப்பள்ளிகளுக்கு உண்டு என்பது அவர்கள் கண்டது. மிகவும் பின்தங்கியிருந்த மாவட்டங்களிலேயே பயன் மிகுதி. எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ, உரிமைப் போராட்ட வீரர் ஜான் லூயிஸ் ஆகியோர் இந்தப் பள்ளிகளில் படித்தவர்கள். நிதியம் கறுப்பின அறிஞர்க்கும் கலைஞர்க்கும் உதவித்தொகைகள் தந்தது. கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்னும் உளவியலாளர் தம்பதியர் பொம்மைகளைக்கொண்டு சிறுவரிடம் செய்த ஆய்வுக்கும் அவ்வுதவி கிடைத்தது. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அந்த ஆய்வும் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அத்தீர்ப்புக்குப் பின் ரோசன்வால்டு பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தம் பணமே தம் பள்ளிகளைத் தேவையற்றவை ஆக்கும் என்று அவர் எதிர்பார்த்திருப்பாரா? சியர்ஸ் நிறுவனமும் 2018இல் திவாலாயிற்று. 1973இல் அது சிகாகோவில் எழுப்பிய உலகப் புகழ்பெற்ற கோபுரத்துக்கு 2009 முதல் வேறு பெயர். எஞ்சிய பள்ளிக் கட்டடங்களைத்தான் முன்னாள் மாணவர்கள் பழுதுபார்த்துப் பாதுகாக்கிறார்கள்.

நம் நாட்டிலும் இந்த மூவர் கூட்டு புதிதன்று. காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958 தொடங்கி நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் கட்டடமும் நிலமும் பலகையும் பாத்திரமும் கொண்டுவந்து கொடுத்தனர். இன்று 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கல்வியும் அதில் அடக்கம். நல்ல சட்டம்தான். ஆனால் அந்தப் பட்டியலில் நிறுவனத்தின் பங்குக்கு மட்டுமே வரி இருக்கிறது. ஊராரின் பங்கை எந்த வரியில் எழுதுவது? கூலி வாங்காமல் மாடிவரை தூக்கிய 80 சாமான்களுக்கு என்ன மதிப்புப் போடுவது?

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். அவர் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர். விலைப்பட்டியல், பங்குச் சந்தை என்ற இடங்களில் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். 38 டாலர் வந்த இடத்தில் நிமிர்ந்தார். நம் காசுக்கு எவ்வளவு என்று கேட்டார். அந்தக் காலத்துக் காசு, கணக்கிடுவது எளிதன்று என்றேன். கடைசியில் ஒன்று கேட்டார். அத்தனை ஊர்களுக்கும் மரம் வண்டியில் வந்து இறங்கியிருக்குமே, அதை இறக்கியவர்களுக்குக் கூலி கொடுத்தார்களா என்றார். ஊர்க்காரர்களே இறக்கினார்கள், கூலி இல்லை என்றேன். அப்படியானால் அவர்கள் நம்ம ஆட்கள்தான் என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மாலை லாரிக்கு மண்டிக்குக் கிளம்பினார்.